இது உங்க தோட்டத்துக் காயா?

உழவர் சந்தையில் வேலை பார்க்கும் அலுவலருக்கு விடிவதற்குள் நூறு கேள்வி வந்துவிடும். தராசு ஏன் காட்டவில்லை, கூரை ஏன் ஒழுகுகிறது, பக்கத்துக் கடைக்காரர் ஏன் என் இடத்தில் கூடையை வைத்தார் என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிடலாம். சந்தையின் உயிர் இருப்பது வேறொரு கேள்வியில். கொண்டுவந்த காய், கொண்டுவந்தவர் நிலத்தில் விளைந்ததா? சேலம் மாவட்டத்தில் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியின் பின்னால் ஓடியது. சந்தையில் எந்தக் காய்க்கு இடம், எதற்கு இல்லை என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சர். அதற்கு முன்பே பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ வந்துவிட்டது; ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ தொடங்கியது. எண்ணம் ஒன்றுதான். மண்டிக்குப் போகும் உழவர் கமிஷன் கொடுக்கிறார், ஏற்றுகூலி இறக்குகூலி கொடுக்கிறார், எடையில் கழிவும் கொடுக்கிறார். அதே காய் இரண்டு கை மாறி நம் வீட்டுக்கு வரும்போது விலை இரண்டு பங்காகிவிடுகிறது. நடுவில் இருக்கும் கைகளை எடுத்துவிட்டால் விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் லாபம். அதற்காகவே கடைக்கு வாடகை இல்லை, மின்னணுத் தராசு இலவசம், அரசுப் பேருந்தில் காய் மூட்டைக்கு லக்கேஜ் கட்டணம் இல்லை என்று ஏற்பாடு செய்தார்கள். 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் கவனிப்பு குறைந்து பல சந்தைகள் சோர்ந்துபோயின. 2006-க்குப் பின் மறுபடி எழுந்தன. இன்று மாநிலத்தில் 180-க்கும் மேற்பட்ட சந்தைகள் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் கீழ் நடக்கின்றன.

விலையை எப்படிப் போடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்ற தகராறுகள் புரியும். அதிகாலையில் பக்கத்து மொத்த மார்க்கெட்டின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் அது தலைவாசல் மார்க்கெட். ஊருக்குள் சில்லறைக் கடை விலையையும் விசாரிப்போம். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி, உழவர்களையும் வைத்துக்கொண்டு அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதுவோம். மண்டியில் தக்காளி கிலோ 20 ரூபாய், வெளிக்கடையில் 34 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதோடு 20 சதவீதம் சேர்த்தால் 24. முப்பத்து நாலில் 15 சதவீதம் கழித்தால் 29-ஐ ஒட்டி நிற்கும். பலகை விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது அமையும்.

இந்தக் கணக்கை ஒரு வியாபாரி எப்படிப் பார்ப்பார்? மண்டியில் 20 ரூபாய்க்கு எடுத்த தக்காளியைச் சந்தைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் 26 ரூபாய். கடை வாடகை கிடையாது. தராசு வாங்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குள் கூட்டம் தானாக வந்து வாங்கிப் போய்விடும். இதைவிட வசதியான வியாபாரம் ஊரில் வேறு இல்லை. உழவருக்கு நல்லது செய்யப் போட்ட விலைக் கணக்கே வியாபாரியைச் சந்தை வாசலுக்கு இழுக்கிறது. ஆகவே வாசலில் காவல் வேண்டும். அந்தக் காவலின் பெயர் கார்டு.

கார்டு வாங்க விரும்பும் உழவர் சிட்டா, அடங்கல் நகல்களோடும் புகைப்படத்தோடும் வருவார். கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். அதன்பின் நாங்கள் நிலத்துக்கே போய்ப் பார்ப்போம். எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், என்ன பயிர், எப்போது நட்டது, கிணறா போரா என்று எல்லாம் குறித்துக்கொள்வோம். கார்டில் உழவரின் படம் இருக்கும். அவருக்குப் பதில் விற்க வரும் குடும்பத்தாரும் குறிக்கப்பட்டிருப்பார்கள். நிலம் பெரும்பாலும் மாமனார் பெயரில் இருக்கும். கூடையைத் தலையில் சுமந்து வருவது மருமகளாக இருக்கும். குடும்பத்தாருக்கும் இடம் வைத்ததால்தான் சந்தையில் இத்தனை பெண்கள் உட்கார முடிகிறது.

ஆனால் அடையாள அட்டை ஆளைத்தான் காட்டும், காயைக் காட்டாது. உண்மையான உழவர், உண்மையான நிலம், உண்மையான கார்டு, கூடையில் இருப்பது மட்டும் மண்டிக் காய். இதுதான் அன்றாடம் நடக்கும் திருட்டு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் கிடையாது. பயிர் தெரிந்திருக்க வேண்டும்.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்து நாற்பத்தைந்து நாளில் முதல் பறிப்பு. அதன்பின் ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். மூன்று மூன்றரை மாதத்தில் செடி ஓய்ந்துவிடும். அரை ஏக்கர் வெண்டைக்காரர் நாள் தவறாமல் ஒரே அளவு கொண்டுவந்தால் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் ஐந்து மாதமாகத் தினமும் இரண்டு சாக்கு இறக்கிக்கொண்டிருந்தார். காய் எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. தோட்டத்துக் காய் அப்படி இருக்காது. பிஞ்சும் இருக்கும், விரல் பட்டு ஒடிந்ததும் இருக்கும், கோணலும் இருக்கும். ஒரு பிற்பகல் சொல்லாமல் அவர் வயலுக்குப் போனேன்.

செடி முழங்கால் உயரம் இருந்தது. நான்கைந்து பூ. வெண்டைச் செடியில் கணுவுக்கு ஒரு காய் பிடிக்கும். பறித்தால் அந்தக் கணுவில் காம்பு அறுத்த துண்டு காய்ந்து நிற்கும். செடியின் தண்டை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனால் இதுவரை எத்தனை காய் எடுத்தார்கள் என்று எண்ணிவிடலாம். அந்த வயலில் பத்துச் செடி தடவியும் ஒரு காம்புத் துண்டு கையில் தட்டவில்லை.

“இதில இன்னும் ஒரு காய்கூடப் பறிக்கலையேங்க?” என்றேன்.

“அது வேற வயலுங்க சார்.”

“சரி, வாங்க, அதையும் பாத்துட்டுப் போயிடலாம்.”

அவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் போய், கார்டு ரத்தானது. அவருக்காகப் பேச ஊரிலிருந்து பலர் வந்தார்கள். பிள்ளைகுட்டிக்காரர், கடன் இருக்கிறது என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் உட்கார்ந்த கடையில் வேறொரு வெண்டைக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். டோக்கன் கிடைக்காமல் திரும்பிப் போன அந்த உழவருக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள். அவர் பக்கம் நிற்க வேண்டியது அலுவலர் ஒருவர்தான்.

அதே சமயம், சந்தேகப்பட்டதுமே ஆளை வெளியே அனுப்பிவிடக் கூடாது. மார்கழியில் முருங்கைக்காய் அபூர்வம். விலை எக்கச்சக்கமாக ஏறும். அந்த மாதம் ஒரு முதியவர் இரண்டு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். சுற்றியிருந்தவர்களே, ‘இது மண்டிக் காய்தான் சார்’ என்றார்கள். விசாரித்தால், அவர் தோட்டத்தில் பி.கே.எம்.-1 ரக முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம் அது. முந்தைய காய்ப்பு முடிந்ததும் மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, தண்ணீரையும் உரத்தையும் கணக்கு வைத்துக் கொடுத்து, மற்றவர்களுக்கு இல்லாத காலத்தில் தனக்குக் காய் வரும்படி பார்த்துக்கொண்டார். வயலில் மரம் நிறையப் பிஞ்சு தொங்கியது. அவரை மறுநாள் முன்வரிசையில் உட்கார வைத்தோம். சுற்றியிருந்தவர்கள் அவரிடமே யோசனை கேட்டுப் போனார்கள்.

இதுவரை சொன்னவை தெளிவான வழக்குகள். இனி வருவதுதான் கடினம்.

ஊட்டி கேரட்டும் பீன்ஸும் சேலத்துச் சமவெளியில் விளையாது. பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. ‘விளைந்ததை மட்டும் விற்க வேண்டும்’ என்ற விதியை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் சந்தையில் இவை எதுவும் இருக்கக் கூடாது. நடத்திப் பார்த்தால் என்ன ஆகும்? காய் வாங்க வரும் குடும்பத்துக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் இல்லாமல் வாரம் ஓடாது. அவற்றை வாங்க அவர்கள் வேறு கடைக்குப் போவார்கள். போனவர்கள் கத்தரிக்காயையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். இங்கே கத்தரிக்காயோடு உட்கார்ந்திருக்கும் உழவருக்குத்தான் நஷ்டம். இதனால்தான் பல சந்தைகளில் மலைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் சில கடைகள் ஒதுக்கி, மகளிர் சுயஉதவிக் குழு போன்றவர்களிடம் கொடுக்கிறார்கள்.

இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்தக் கடை தனி வரிசையில் இருக்க வேண்டும். ‘வெளியூர்க் காய்’ என்று பலகை தொங்க வேண்டும். எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு எடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். விதியைத் தளர்த்துவது தவறில்லை. எல்லார் கண்ணும் பார்க்கத் தளர்த்த வேண்டும். கேரட்டுக்குத் திறந்த கதவில் தக்காளியும் உள்ளே வருவது மறைவாகத் தளர்த்தும் இடத்தில்தான். முதலில் ‘இன்றைக்கு மட்டும்’ என்று வரும். அடுத்த மாதம் அதற்கென்று நிரந்தரக் கடை இருக்கும்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் 1976-இல் தொடங்கிய ‘கிரீன்மார்க்கெட்’ சந்தைகளிலும் தானே விளைவித்ததைத்தான் விற்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அவர்களும் பண்ணைக்கு ஆய்வாளரை அனுப்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2015 முதல், பதிவு பெற்ற உழவர் சந்தைகளில் ‘விற்பதை நாங்களே விளைவிக்கிறோம்’ என்ற பொருளில் உழவர் தன் கடையில் பலகை வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பலகையில் எழுதிவிட்டால் பொய் சொல்வது கடினமாகிறது. நம் சந்தைகளிலும் கடைக்குக் கடை இப்படி ஒரு பலகை வைக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

அடுத்து, பக்கத்துத் தோட்டக்காரர் காய். ஒருவரிடம் பத்துக் கிலோ கத்தரிக்காய்தான் இருக்கிறது. அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தால் கட்டுப்படி ஆகாது. ‘நீ போகும்போது என்னுதையும் எடுத்துட்டுப் போயிரு மாப்ள’ என்று பக்கத்துக்காரரிடம் கொடுக்கிறார். அவரும் ஒரு பைசா எடுக்காமல் விற்றுக் கொடுக்கிறார். இவரை வியாபாரி என்று சொல்ல மனம் வருமா? எனக்கு வரவில்லை. எங்கள் சந்தையில் இரண்டு பேருக்கும் கார்டு இருந்தால், வாசலிலேயே சொல்லிப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே கொண்டுபோகலாம் என்று வைத்துக்கொண்டோம். கார்டு இல்லாதவர் காய் என்றால் வாசலோடு சரி. வாசலில் சொல்லாமல் உள்ளே பிடிபட்டாலும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்திய வழக்கு கீரைக்காரப் பெண்ணுடையது. அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. ஊர்க்காரர் ஒருவரின் கால் ஏக்கரை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை போட்டிருந்தார். பாத்தி கட்டியது, விதைத்தது, களை எடுத்தது, விடிவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் அறுத்துக் கட்டுக் கட்டியது எல்லாம் அவரே. காகிதத்தில் அவர் உழவர் இல்லை. நிலத்துக்காரருக்கோ சந்தைப் பக்கமே வேலை இல்லை. ஆனால் விரும்பினால் கார்டு கிடைத்துவிடும்.

“மண்ணு எம்பட கையில ஒட்டியிருக்குதுங்க சார். சிட்டாவுல எம்பேரு ஒட்ட மாட்டேங்குதே” என்றார் அந்தம்மா.

குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தால் குத்தகைக்காரருக்கு உரிமை வந்துவிடும், நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று நிலத்துக்காரர்கள் அஞ்சுகிறார்கள். எழுத்தில் எதையும் கொடுக்க மறுக்கிறார்கள். அந்த நிலத்துக்காரரிடம் நானும் கிராம நிர்வாக அலுவலரும் பலமுறை பேசி, அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை எழுத வைத்தபின்தான் கார்டு கொடுக்க முடிந்தது. அவருக்குக் கிடைத்தது. அவரைப்போல ஊருக்கு ஊர் இருப்பவர்களுக்கு? உழவர் சந்தை உண்மையில் உழுபவருக்கானது என்றால், வயலில் நேரில் பார்த்து ‘இவர்தான் பயிர் செய்கிறார்’ என்று எழுதும் களச்சான்றே கார்டுக்குப் போதும் என்று அரசு ஆணையிட வேண்டும். நில உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அந்த ஆணையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் நிலத்துக்காரர்களின் அச்சமும் நீங்கும்.

காய், பழம், கீரை, கிழங்கு, தேங்காய் இவற்றில் பெரிய சிக்கல் வராது. சிக்கல் வருவது அடுப்பையோ செக்கையோ தொட்டுவிட்டு வரும் பொருளில். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 உழவரையும் அவர் விளைச்சலையும் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகையால் கூடையில் இருக்கும் எலுமிச்சம்பழத்துக்கு யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள். அதே பழம் ஊறுகாயானால் உணவு வணிகம். பதிவு வேண்டும், பாக்கெட்டில் தயாரித்த தேதியும் முகவரியும் வேண்டும். கடலை எண்ணெய், கம்பு மாவு, வடகம் எல்லாம் இப்படித்தான். இப்போது சந்தைகளில் மதிப்புக் கூட்டிய பொருள்களுக்கும் சிறுதானியத்துக்கும் இடம் கொடுக்கிறார்கள், நல்லதுதான். பதிவு எண் இல்லாத பாக்கெட்டை மட்டும் உள்ளே விடக் கூடாது. குழந்தைகள் சாப்பிடும் பொருள்.

‘இயற்கைக் காய்’ என்று அட்டை எழுதி வைப்பவர்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த அட்டை விலையைக் கூட்டும், பக்கத்துக் கடைக்காரரின் காயை நஞ்சென்று சொல்லாமல் சொல்லும். அங்ககச் சான்று வாங்க ஆண்டுக் கணக்கில் பதிவேடு வைத்து, ரசாயனத்தை முற்றிலும் நிறுத்திக் காட்ட வேண்டும். உழவர்களே குழுவாக ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது, சிறு உழவருக்குக் கட்டுப்படியாவது அதுதான். இரண்டில் ஒன்று இருந்தால் அட்டை வைக்கட்டும். இல்லையென்றால் தான் என்ன போட்டேன், என்ன அடித்தேன் என்று கேட்பவரிடம் வாயால் சொல்லட்டும். அப்படி உள்ளதைச் சொல்லி விற்ற உழவர்களுக்கு வாடிக்கையாளர் குறைந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவையும் பார்க்க ஒரு சந்தையில் இருக்கும் ஆட்கள் மிகக் கொஞ்சம். விடிகாலையில் விலை எழுதி, டோக்கன் கொடுத்து, தராசு சரிபார்த்து, கூட்டம் கலைந்த பிறகு வயல் பார்க்கப் போக வேண்டும். இருபது முப்பது கிராமங்களுக்கு இரண்டு மூன்று பேர் எப்படிப் போதும்? வயல் பார்ப்பது குறைந்த சந்தையில் மண்டிக் காய் பெருகுவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சந்தைக்குப் புதுக் கட்டடம் கட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் நல்ல வேலைதான். அதற்கு முன்னால் வயலுக்குப் போக ஆளும் வண்டியும் கொடுக்க வேண்டும்.

மீதிக் காவலை வாங்க வருபவர்கள்தான் செய்ய முடியும். அடுத்த முறை உழவர் சந்தைக்குப் போகும்போது விலைப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். கடையில் இருப்பவரிடம் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஊர், எப்போது நட்டது, இன்னும் எத்தனை பறிப்பு வரும் என்று பேச்சுக் கொடுங்கள். பயிர் செய்தவர் கூடையை மறந்துவிட்டு உங்களிடம் பேசுவார். பதில் வராவிட்டால் கடை எண்ணைக் குறித்துக்கொண்டு சந்தைக்குள்ளேயே இருக்கும் அலுவலக அறையில் சொல்லிவிட்டுப் போங்கள். அன்று பிற்பகல் எந்த வயலுக்குப் போவது என்று அலுவலர் முடிவு செய்ய அந்தத் தகவல் போதும்.